சவக்கடலை எங்கே வைப்பது? பிள்ளைகளுக்கு வேதாகம நிலப்படம் செய்பவர்கள் வாருங்கள்

கடுகுவிதை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமச் சபையில் பதினோரு வருடமாக ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். போன வருடம் விபிஎஸ்ஸுக்காக (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஒரு பிளைவுட் பலகையில் கானான் தேசத்தைச் செய்தேன். மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு போட்டுப் பிசைந்து மலைகளை வைத்தேன். மத்தியதரைக்கடல், கலிலேயாக் கடல், சவக்கடல் மூன்றுக்கும் பலகையிலேயே நீல பெயின்ட் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் குனிந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "மூணு தண்ணியும் ஒரே மட்டத்துல இருக்கே, அப்புறம் யோர்தான் எதுக்கு ஓடுது?" என்று கேட்டான்.

கலிலேயாக் கடலிலிருந்து சவக்கடலுக்கு ஓடுகிற யோர்தான் ஆற்றைத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கலிலேயாக் கடலின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 210 மீட்டர். சவக்கடலோ 430 மீட்டருக்கும் கீழே. உலகத்தில் தரைமேல் அதைவிடத் தாழ்ந்த கரை கிடையாது. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர், எரிகோ கீழே சுமார் 250. நான் செய்த மாடலில் இது எதுவுமே இல்லை. சுவரில் தொங்கும் படத்தைப் படுக்கவைத்து, மேலே கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

இந்த வருடம் சரியாகச் செய்ய ஆசை. பழைய மாடல் ஐப்பசி மழையில் ஈரம் குடித்துப் பிசுபிசுத்து, எர்மோன் மலையை எலியும் கடித்துவிட்டது. அதனால் எதில் செய்வது, உயரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தச்சன்மகன்

அக்கா, நான் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியர். உங்கள் பையன் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறான். இந்த தேசத்துக்கு மாடல் செய்யும்போது பலகையைக் கடல்மட்டமாக வைக்கவே கூடாது. பலகைதான் சவக்கடல். அதற்கு மேலே நாலு அடுக்கு ஏறினால்தான் மத்தியதரைக்கடலின் கரை வரும்.

நான் செய்த கணக்கு இது. மளிகைக்கடையில் கிடைக்கும் கனமான அட்டைப்பெட்டியில் ஒரு அட்டை கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு அட்டை என்றால் 100 மீட்டர் உயரம். சவக்கடல் பலகையில். கலிலேயாக் கடல் அதற்கு மேல் இரண்டாவது அட்டையில். மத்தியதரைக்கடல் நாலாவது அட்டையில். எருசலேம் அதற்கும் மேலே ஏழெட்டு அட்டை. எர்மோன் 2,814 மீட்டர், ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் 28 அட்டை, அதாவது 14 சென்டிமீட்டர். அதை மட்டும் தனியாகச் செய்து வையுங்கள். பெட்டிக்குள் எடுத்துவைக்க வசதி.

நீளவாக்கில் 1 சென்டிமீட்டருக்கு 4 கிலோமீட்டர். வடக்கே தாண் முதல் தெற்கே பெயெர்செபா வரை சுமார் 240 கிலோமீட்டர், 60 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். யோர்தானுக்குக் கிழக்கே மோவாப், கீலேயாத்துக்கும் இடம் விட்டு, 75க்கு 40 பலகை எடுத்தால் போதும்.

ஒட்டுவதற்குத் தண்ணீராக இருக்கும் பசை வேண்டாம், அட்டை வளைந்துவிடும். ஃபெவிகாலைக் கெட்டியாகத் தடவி, மேலே இரண்டு செங்கல் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். தெர்மாகோல் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரப்பர் சொல்யூஷன் வகைப் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழிவிழும்.

ஐந்தப்பம்

தச்சன்மகன் அண்ணா, ஒரு சந்தேகம். நீளத்துக்கு ஒரு அளவு, உயரத்துக்கு வேறொரு அளவு என்றால் பிள்ளைகளுக்குப் பொய் காட்டுவது ஆகாதா? எருசலேம் ஏதோ இமயமலை உச்சியில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்களே.

தச்சன்மகன்

நல்ல கேள்வி தம்பி. கணக்கைப் பாருங்கள். எருசலேமுக்கும் எரிகோவுக்கும் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் பலகையில் ஆறு சென்டிமீட்டர்கூட வராது. அந்த ஆறு சென்டிமீட்டருக்குள் நிலம் 1,000 மீட்டர் இறங்குகிறது. உயரத்தையும் அதே அளவில் செய்தால் கால் சென்டிமீட்டர். பிள்ளையின் விரலுக்கு அது தெரியவே தெரியாது. அந்த வழியில் உண்மையாக நடக்கிறவனுக்கோ முழங்கால் கழன்றுபோகும். 20 மடங்கு கூட்டிக் காட்டும்போதுதான் நடக்கிறவன் உணர்ந்தது விரலுக்கு வருகிறது.

ஆனால் மறைக்கக் கூடாது. மாடலின் ஓரத்தில் "உயரம் 20 மடங்கு கூட்டியிருக்கிறது" என்று எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் கால் சென்டிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு அட்டையையும் ஒட்டி, "உண்மையில் இவ்வளவுதான்" என்று காட்டுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கே புரிகிறது.

சாரா_டீச்சர்

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது 45 நிமிடம். பாட்டு, ஜெபம், மனப்பாட வசனம், காணிக்கை எல்லாம் போக 20 நிமிடம் மிஞ்சும். அதில் அட்டை வெட்டி, பசை தடவி, கை கழுவ அனுப்பினால் வசனத்தை எப்போது சொல்வது? எங்கள் சபையில் போன வருடம் பெரிய ஆலய மாடல் செய்தார்கள். பிள்ளைகளிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் "கோல்டன் பெயின்ட் அடிச்சோம்" என்றார்கள். பூகோளம் கதைக்கு உதவ வேண்டும். கதையை விழுங்கிவிடக் கூடாது.

கடுகுவிதை

சாரா டீச்சர், நீங்கள் சொல்வது எனக்கும் நடந்திருக்கிறது, அதனால் மனதாரச் சொல்கிறேன். எது கதையை விழுங்குகிறது, எது கதையைத் திறக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளர் அடித்துப்போட்ட ஒருவனை ஆசாரியனும் லேவியனும் விட்டுப்போக, சமாரியன் காப்பாற்றுகிற கதை. லூக்கா 10:30, நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த மனுஷன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் "போகையில்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இருக்கும் சொல் "இறங்கிப்போனான்". அடுத்த வசனத்தில் ஆசாரியனுக்கும் அதே சொல்தான் வருகிறது, அவனும் இறங்குகிறான். அப்படியானால் அவன் எருசலேமை, தேவாலயத்தை, விட்டு வந்துகொண்டிருக்கிறான். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. இத்தனை வருடமாக இந்த உவமையைச் சொல்லியும் இது எனக்குத் தெரியாது. இறக்கத்தைக் கணக்குப் பார்க்கப் போய்த்தான் இது கண்ணில் பட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு 1,000 மீட்டர் என்றால் என்ன என்று சொல்ல, வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுவதைச் சொன்னேன். அந்த ஏற்றத்தில் பாதிக்கும் மேல். போய்வந்த பிள்ளைகள் உடனே "காது அடைக்கும் அக்கா" என்றார்கள்.

தச்சன்மகன்

டீச்சருக்கு 20 நிமிட வழி ஒன்று இருக்கிறது. முழு தேசமும் வேண்டாம். ஒரே ஒரு வெட்டு. கேக்கைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல, மேற்கிலிருந்து கிழக்காக: யோப்பா, எருசலேம், எரிகோ, நேபோ மலை.

60 சென்டிமீட்டர் நீளம், 15 உயரம் உள்ள அட்டை ஒன்று. கீழிருந்து 5 சென்டிமீட்டரில் குறுக்கே நீலக்கோடு போடுங்கள், அதுதான் கடல்மட்டம். மேல்நோக்கி 1 சென்டிமீட்டர் 100 மீட்டர், பக்கவாட்டில் 1 சென்டிமீட்டர் 2 கிலோமீட்டர். இடது ஓரத்தில் நீலக்கோட்டின் மேலேயே யோப்பா. அங்கிருந்து 27 சென்டிமீட்டர் தள்ளி, கோட்டுக்கு ஏழரை மேலே எருசலேம். அதிலிருந்து 11, 12 சென்டிமீட்டர் தள்ளி, கோட்டுக்கு இரண்டரை கீழே எரிகோ. இன்னும் 14 தள்ளி, கோட்டுக்கு எட்டு மேலே நேபோ. நாலு புள்ளியையும் சேர்த்துக் கோடு இழுத்து, எரிகோவுக்கும் நேபோவுக்கும் நடுவில் யோர்தானுக்கு ஒரு பள்ளம் விட்டு, கத்தரிக்கோலால் வெட்டினால் முடிந்தது. பிள்ளைக்கு ஒரு அட்டை. காகிதத்தில் ஒரு மனிதனை வெட்டி, அந்த விளிம்பின்மேல் நடத்திக்கொண்டே கதையைச் சொல்லலாம்.

ஆரோகண சங்கீதங்கள் 15ம், 120 முதல் 134 வரை, இந்த அட்டையை வைத்தே சொல்லலாம். ஆரோகணம் என்றால் ஏறுவது. எரிகோ பக்கமிருந்து பண்டிகைக்கு ஏறிவருகிற ஜனம் எதற்குக் கண்களை மலைகளுக்கு நேராக ஏறெடுக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

சாரா_டீச்சர்

இது முடியும். அட்டையை முந்தின நாளே வெட்டிக்கொண்டு போய்விட்டால் கை கழுவும் வேலையும் இல்லை. வருகிற ஞாயிறு செய்து பார்த்துச் சொல்கிறேன்.

மட்டுநகர்_மிஸ்

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கட பிள்ளைகளுக்குக் கடலும் தெரியும், வாவியும் தெரியும். கலிலேயாக் கடல் 21 கிலோமீட்டர் நீளம், ஆகக்கூடினது 13 கிலோமீட்டர் அகலம், நன்னீர் என்று சொன்னதும், "அப்ப அது வாவிதானே மிஸ், ஏன் கடல் எண்டு போட்டிருக்கு?" என்று ஒரே கேள்வி. எங்கட வாவி அதைவிட நீளம். அதனால் பிள்ளைகளுக்கு அது உடனே சொந்த இடமாகிவிட்டது. சுற்றிவர உயர்ந்த நிலம், நடுவில் தாழ்ந்த தண்ணீர். மேலேயிருந்து காற்று இறங்கினால் திடீரென்று அலை எழும்பும். தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையே வரவில்லை, அவர்கள்தான் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

நாங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், செலவே இல்லை. 1986இல் மழையில்லாமல் அந்த ஏரியின் தண்ணீர் வற்றினபோது, கினோசார் கரைச் சேற்றுக்குள்ளே பழைய மரப்படகு ஒன்று கிடைத்தது. இயேசுவின் காலத்தை ஒட்டினது. 8.2 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். அந்த அளவை அப்படியே பள்ளிக்கூட முற்றத்தில் சோக்கால் கீறினோம். உள்ளே 13 பிள்ளைகளை இருத்தினோம், துடுப்புக்கு நாலு தடி கொடுத்தோம். ஒருவரைப் பின்பக்கம் தலையணையோடு படுக்கச் சொன்னோம். புயலில் இயேசு படகில் நித்திரையாயிருந்த மாற்கு 4 வாசிக்கும்போது ஒருவருடைய முழங்கால் அடுத்தவருடைய முதுகில் இடிக்கிறது. படுத்திருந்த பிள்ளை, "இவ்வளவு நெருக்கத்தில எப்படி மிஸ் நித்திரை வந்தது?" என்று கேட்டது. அன்றைக்கு முழுப் பாடமும் அந்தக் கேள்வியில்தான் போனது.

ஐந்தப்பம்

மிஸ், நாங்களும் தரையில்தான் செய்வோம். கோலமாவு. சபை முற்றத்தில் கடற்கரை ஓரத்தை இழுத்து, இரண்டு ஏரி, நடுவில் யோர்தான். குதிகாலோடு பெருவிரல் ஒட்டி வைக்கும் ஒரு பாதம் 10 கிலோமீட்டர் என்று கணக்கு. தாணிலிருந்து பெயெர்செபாவுக்கு 24 பாதம். (மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போகும் தூரம் என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் "இவ்வளவுதானா" என்கிறார்கள். இவ்வளவு சின்ன தேசத்திலா இவ்வளவும் நடந்தது என்ற அந்த ஆச்சரியமே ஒரு பாடம்.)

பன்னிரண்டு வயது இயேசு கதைக்கு இது மிகவும் பொருந்தும். எருசலேமிலிருந்து நாசரேத்துக்குப் பத்தரைப் பாதம். ஒருநாள் நடை மூன்று பாதம். மரியாளும் யோசேப்புமாக இரண்டு பிள்ளைகள் மூன்று பாதம் வைத்து நிற்கிறார்கள், திரும்பிப் பார்க்கிறார்கள், பையனைக் காணவில்லை. மறுபடி அந்த மூன்று பாதமும் திரும்பி வர வேண்டும், அதுவும் ஏற்றத்தில். போன முறை மரியாளாக நின்ற சிறுமி பாதத்தை எண்ணவே இல்லை, ஓடிவந்துவிட்டாள்.

மறைக்கல்வி_தஞ்சை

வணக்கம். நான் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி ஆசிரியர். ஒரு சின்ன வேண்டுகோள். பெயர்ச்சீட்டு எழுதும்போது இரண்டு பக்கமும் எழுதுங்கள். எங்கள் பொது மொழிபெயர்ப்பில் கப்பர்நாகும், உங்களிடம் கப்பர்நகூம். ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் இதை இரண்டு ஊர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இனி எங்கள் பங்கில் செய்தது. யோர்தான் நாட்டில் மாதபா என்னும் ஊரில், புனித ஜார்ஜ் ஆலயத்துத் தரையில் 6ஆம் நூற்றாண்டின் மொசைக் நிலப்படம் இருக்கிறது. திருநாட்டைக் காட்டும் படங்களில் இன்றைக்கும் எஞ்சியிருப்பவற்றுள் அதுதான் மிகப் பழையது. பல லட்சம் சிறு கற்களைப் பதித்துச் செய்தது. பாதி போய்விட்டது, இருப்பதே கண்ணை நிறைக்கும். அதில் மேலே இருப்பது வடக்கு அல்ல, கிழக்கு. ஆலயத்துக்குள் பீடத்தைப் பார்த்து நிற்பவருக்குத் திசை அப்படியே பொருந்தும்.

எங்கள் பிள்ளைகளைக் கவர்ந்தது அதிலிருக்கும் மீன். யோர்தானில் நீந்திவருகிற மீன் ஒன்று சவக்கடல் வாயில் வந்ததும் திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. உப்புத் தாங்காது என்று ஒரே ஒரு மீனை வைத்துச் சொல்லிவிட்டார் அந்தக் காலத்துக் கைவினைஞர். நாங்கள் கல்லுக்குப் பதிலாகப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தோம். கனமான தாள், சிவப்பு, மஞ்சள், தங்கநிறம் எல்லாம் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி வகைப்படுத்தி, சார்ட்டில் ஒட்டினோம். நாலு ஞாயிறு பிடித்தது. அவசரப்படுத்தவில்லை.

மீன் ஏன் திரும்புகிறது என்பதற்கு இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டு முட்டை. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் கரைகிற மட்டும் கல்லுப்பு. முட்டை ஒன்றில் அமிழும், மற்றதில் மிதக்கும். சவக்கடல் தண்ணீரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பு. சொட்டு எடுத்து நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

கடுகுவிதை

கல்யாணப் பத்திரிகை யோசனையை இன்றைக்கே எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு பை நிறைய இருக்கிறது, தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்தேன்.

மலைக்கு என்ன பூசுவது? அடுக்கு அடுக்காக அட்டை தெரிந்தால் படிக்கட்டுபோல இருக்குமே.

பாட்டியின்_பேத்தி

காகிதக் கூழ். எங்கள் பாட்டி கூடை செய்வாரே, அதே முறைதான். பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, பிழிந்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து அரைக்க வேண்டும். ஒரு பக்கெட் கூழுக்கு நான் இரண்டு கைப்பிடி வெந்தயம் போடுவேன். வெந்தயத்தின் கொழகொழப்பு கூழைப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. அட்டை அடுக்குமேல் மெல்லிசாகப் பூசி, நிழலில் ஒருநாள், வெயிலில் மூன்று நாள். நேரே வெயிலில் வைத்தால் வெடிக்கும். மைதா உப்பு மாவுபோல மழைக்காலத்தில் இளகாது, எடையும் இருக்காது.

பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலக்கிறவர்கள் உண்டு. பிள்ளைகள் தொடும் பொருளில் அது வேண்டவே வேண்டாம், விஷம்.

இன்னொன்று, இது அனுபவப்பட்டுச் சொல்வது. யோர்தானுக்கு நீலக் கம்பளி நூல் ஒட்டாதீர்கள். எங்கள் வகுப்பில் பார்வையில்லாத ஒரு பையன் இருக்கிறான், ஒன்பது வயது. மாடல் அவனுக்காகவே செய்தது என்றுகூடச் சொல்லலாம். விரலை வைத்துக் கலிலேயாவிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தவன் நூலில் தட்டினதும் நின்றான். "இது என்ன அக்கா, மதிலா?" என்றான். கண் தெரிந்த நமக்கு நீலம் என்றால் ஆறு. விரலுக்கு அது மேடு. அன்றைக்கே நூலைப் பிய்த்து, கரண்டிக் காம்பால் பள்ளம் தோண்டினோம். பள்ளத்துக்குள் மெழுகு தடவினால் வழவழப்பாக, தண்ணீர்போல இருக்கிறது. சவக்கடலில் கல்லுப்பு ஒட்டினோம், பாலைவனத்தில் மணல், கலிலேயா மலைகளில் மரத்தூள். ஊர்களுக்குக் குண்டூசிக்குப் பதில் சட்டைப் பொத்தான். பெரிய பொத்தான் எருசலேம்.

தச்சன்மகன்

பேத்தி அக்கா சொன்னது எனக்குப் பாடம். பதினைந்து வருடமாக நூல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நூலுக்கு வேறொரு வேலை கொடுக்கலாம். இரண்டு ஏரிக்கும் நடுவே நேர்கோட்டில் 105 கிலோமீட்டர்தான். ஆறோ வளைந்து வளைந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் பலகையில் 26 சென்டிமீட்டர் இடைவெளி. பிள்ளையிடம் 50 சென்டிமீட்டருக்கு மேல் நூலைக் கொடுத்து, "முழுதையும் இதற்குள் அடக்கு" என்று சொல்லுங்கள். பாம்புபோல மடித்து மடித்து வைக்கும். வைத்த தடத்தைப் பென்சிலால் வரைந்துவிட்டு நூலை எடுத்துவிடுங்கள், அதுவே தோண்ட வேண்டிய பள்ளம்.

மறைக்கல்வி_தஞ்சை

சவக்கடலை வரையும்போது இன்றைய சாட்டிலைட் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். தண்ணீர் வருடத்துக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தெற்குப் பாதி இப்போது உப்பெடுக்கும் பாத்திகள். வேதாகம அட்லஸில் உள்ள பழைய உருவத்தை எடுங்கள். ஆனால் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதேபோல, பெத்லகேமும் எரிகோவும் இன்று பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக்கரையில் இருக்கின்றன, நேபோ யோர்தான் நாட்டில் இருக்கிறது, அங்கேயும் ஞாயிறு தோறும் ஆலயத்துக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கதைக்குள் மட்டும் இருக்கும் ஊர்கள் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. எங்கள் வகுப்பில் மாடலைத் தொட்டுக்கொண்டே அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம்.

சாரா_டீச்சர்

சொன்னபடி செய்தேன். 18 பிள்ளைகள், 18 அட்டை, 15 நிமிடம். நீலக்கோட்டுக்குக் கீழே எரிகோ இறங்கினதும் "கடலுக்கு அடியிலயா ஊர் இருக்கு?" என்று ஒரே சத்தம். அதை விளக்கவே மூன்று நிமிடம். பிறகு காகித மனிதனை இறக்கி, அடிபட வைத்து, ஆசாரியனை இறக்கி, லேவியனை இறக்கி, சமாரியனைக் கழுதையோடு கொண்டுவந்தோம். ஒரு சிறுமி கழுதைமேல் அடிபட்டவனை வைத்துவிட்டு, சமாரியனைப் பக்கத்தில் நிற்கவைத்தாள். "இனி இவர் நடந்துதானே மிஸ் போகணும், இந்த மேட்டுல?" என்றாள். வசனத்தில் அவனைத் தன் சொந்த வாகனத்தின்மேல் ஏற்றினான் என்று இருக்கிறது. ஏற்றினவன் நடந்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடுகுவிதை சிஸ்டர், உங்கள் பெரிய மாடல் முடிந்ததும் படம் போடுங்கள்.

கடுகுவிதை

அடுக்கு ஒட்டி முடித்துவிட்டேன் டீச்சர், கூழ் காய்கிறது. மழை பிடிக்காமல் இருந்தால் சனிக்கிழமை பெயின்ட். கேள்வி கேட்ட பையனை வீட்டுக்கு அழைத்து யோர்தான் பள்ளத்தை அவன் கையாலேயே தோண்ட வைத்தேன். கலிலேயாவில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பார்த்தான், சவக்கடல் வரைக்கும் போய் நின்றது. கூழ் ஈரமாகிவிட்டது, இன்னொரு நாள் காயவைக்க வேண்டும், பரவாயில்லை.

அடுத்து எசேக்கியாவின் சுரங்கம், எருசலேமுக்குள் தண்ணீர் கொண்டுவர எசேக்கியா ராஜா வெட்டினது, செய்யலாம் என்று நினைக்கிறேன். 533 மீட்டர் பாறையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்தித்தார்களே, அதை ஈர மணல் குவியலில் இரண்டு அணியாகப் பிள்ளைகளைத் தோண்டவிட்டால்? எங்கள் பக்கம் ஆற்றுமணல் கிடைப்பது கஷ்டம், எம்சாண்ட் நிற்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சன்மகன்

வெறும் எம்சாண்ட் சரிந்துவிடும் அக்கா. மூன்று பங்குக்கு ஒரு பங்கு குளத்துக் களிமண் கலந்து, முந்தின ராத்திரியே நனைத்து, மிதித்துக் குவித்து வையுங்கள். குவியல் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் தலையை உள்ளே விடுவார்கள்.